கண்புரையும் கருவூலச் சாவியும்

திருவேட்டக்குடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோயிலிலிருந்துதான் தொடங்குவார்கள். ஞானசம்பந்தரின் பாடல்பெற்ற தலம். அர்ச்சுனனுக்கு அருள வேட்டுவ வடிவம் தாங்கி வந்த சிவபெருமான் உறையும் ஊர். மாசிமகத்தன்று இறைவன் கடலாடப் புறப்படும் கடற்கரை. சொல்லச் சொல்ல விரியும் செய்திகள் இவை. எனினும் இக்கட்டுரையில் நாம் அவ்வழி செல்லப் போவதில்லை. நம் கவனத்தை ஈர்ப்பது, இவ்வூர் யாருடைய ஆளுகைக்கு உட்பட்டது என்னும் கேள்வியே.

காவிரிக் கழிமுகத்தின் நடுவில், மூன்று பக்கமும் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலும் சூழ, காரைக்கால் பகுதி ஒரு தீவுபோலக் கிடக்கிறது. 1739இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த நிலம் இது. 1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கியபோதும் அந்த எல்லைக்கோடு அழியவில்லை. திருவேட்டக்குடிக்கு வடக்கே சிறிது தூரத்தில் தரங்கம்பாடி, அது தமிழ்நாடு. திருவேட்டக்குடியோ புதுச்சேரி ஒன்றியப் பகுதி. இங்குள்ள அரசு மருத்துவமனைக்கு ஒரு கருவி வாங்க வேண்டுமானால் அதற்கான கையெழுத்து பக்கத்து ஊரிலிருந்து வருவதில்லை. ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கேயுள்ள புதுச்சேரியிலிருந்தோ, அதற்கும் அப்பால் தில்லியிலிருந்தோதான் வர வேண்டும். (திருவேட்டக்குடியில் இன்று நடுவணரசின் தேசியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்று இயங்குகிறது. அதன் பெயரில் இருப்பது புதுச்சேரி. நிலம் மட்டுமே திருவேட்டக்குடி. ஊரின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.)

மருத்துவத்தில் புதுமை எப்படிப் பிறக்கிறது என்று கேட்டால், ஓர் அறிவாளியின் மூளையில் என்று விடை சொல்லவே நாம் பழகியிருக்கிறோம். பாடநூல்கள் அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆனால் ஒரு மருத்துவமனையில் புதிய சிகிச்சை ஒன்று வேரூன்றுவதும் கருகிப்போவதும் மருத்துவரின் கூர்மையை மட்டும் பொறுத்ததன்று. அம்மருத்துவமனையின் கருவூலச் சாவி யாரிடம் இருக்கிறது, ஆகட்டும் என்று சொல்லும் அதிகாரம் எத்தனை மேசை தாண்டி இருக்கிறது, முயற்சி தோற்றால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பவற்றையும் பொறுத்தது. இதை விளக்க நாம் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறோம்: கண்புரை. வெயிலில் நெடுநேரம் உழைப்போரை அது முந்திக்கொண்டு பிடிக்கும் என்பது மருத்துவர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. கட்டுமரத்திலும் வயல்வரப்பிலும் வாழ்க்கையைக் கழிக்கும் கழிமுக மக்களுக்கு அது அயலான நோயன்று.

*

முதலில் தஞ்சாவூர்.

இரண்டாம் சரபோஜி 1798இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே ஓர் ஒப்பந்தத்தின் வழி நாட்டின் நிர்வாகம் முழுவதும் கும்பினியிடம் போய்விட்டது. மன்னருக்கு எஞ்சியது கோட்டையும் அரண்மனையும், ஆண்டுக்கு ஒரு இலட்சம் வராகன் உதவித்தொகையும், நிகர வருவாயில் ஐந்திலொரு பங்கும். வரி வசூலிக்கும் தொல்லையோ படை நடத்தும் தொல்லையோ இல்லாத ஒரு மன்னர், கையில் பணம், தரங்கம்பாடி வழியாக வந்த சுவார்ட்சு பாதிரியாரிடம் பெற்ற ஐரோப்பியக் கல்வி. இந்த மூன்றும் சேர்ந்தபோது விளைந்தவற்றுள் ஒன்று தன்வந்திரி மகால்.

தன்வந்திரி மகாலில் சித்தமும் ஆயுர்வேதமும் யுனானியும் ஐரோப்பிய மருத்துவமும் ஒரே கூரையின்கீழ் வைத்து ஆராயப்பட்டன. மருந்துகள் நோயாளிகளிடம் கையாண்டு பார்க்கப்பட்டு, பயன் தந்தவை என்று கருதப்பட்டவை தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டன. சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் பின்னாளில் சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்த வரிசை அதன் விளைவே. கண்நோய்க்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. இதைவிட வியப்பானது, கண்நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகள். நோயாளியின் நிலை, செய்யப்பட்ட சிகிச்சை, அதற்குப் பின் பார்வை எப்படியிருந்தது என்பன எழுதப்பட்டு, கண்ணின் நிலையை வரைந்த வண்ண ஓவியங்களும் இணைக்கப்பட்டிருக்கின்றன. கண்புரை அறுவையும் அங்கு நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒரு தமிழ் நகரத்தில், அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியின் கண் ஆவணமாக்கப்பட்டது என்பதை நாம் மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இத்தகைய விரைவு எதனால் கூடிற்று? அங்கே நிர்வாகம் என்பது ஒரு மனிதர். அவர் விரும்பினால் நூல் கப்பலேறி வரும், கருவி வரும், ஓவியர் அமர்த்தப்படுவார். கோப்பு ஒன்று ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர வேண்டியதில்லை. ஆனால் அதே காரணத்தால்தான் அது நிலைக்கவும் இல்லை. சரபோஜி 1832இல் மறைந்தார். மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்தபோது அரசே கும்பினியோடு கரைந்தது. மன்னரின் விருப்பத்தில் நின்ற மருத்துவ நிலையமும் மன்னர் மரபோடு ஓய்ந்தது. அங்கே பயின்ற மருத்துவர்கள் இன்னொரு தலைமுறையைப் பயிற்றுவிக்க இடமில்லாமல் போயிற்று.

இதே அரண்மனையின் நூலகத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சரசுவதி மகாலும் அதே மன்னரின் காதலால் வளர்ந்ததுதான். ஆனால் 1918இல் அது பொது நூலகமாக்கப்பட்டு முறையான நிர்வாகத்தின்கீழ் வந்தது. எனவே ஏடுகள் பிழைத்தன. தன்வந்திரி மகாலின் நோய்க்குறிப்புகள் இன்று நம் கைக்குக் கிடைப்பது மருத்துவமனையால் அன்று, நூலகத்தால். அறுவை செய்த கைகளின் பழக்கம் போய், அதைப் பற்றிய எழுத்து மட்டும் எஞ்சியது.

*

அடுத்து நாம் நூறாண்டுகளைத் தாண்டிச் செல்கிறோம். இடைப்பட்ட காலத்தில் கண்புரை அறுவை உலகெங்கும் செம்மைப்பட்டதாயினும் ஒரு குறை நீங்கவில்லை. புரையேறிய வில்லையை எடுத்துவிட்டால் கண்ணில் வில்லையே இல்லை. அந்த இடத்தை ஈடுசெய்யக் கிழவர்கள் தடித்த கண்ணாடி அணிந்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி என்று நம் ஊர்களில் கேலிக்கு ஆளானது அதுதான். பக்கவாட்டில் பார்த்தால் எல்லாம் வளையும். படியில் கால் வைத்தால் தடுமாறும். கடலில் போகிறவனுக்கு உப்புநீர்த் திவலை அதன்மேல் படிந்தால் ஒன்றும் தெரியாது. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அறுவைக்கு முன்பிருந்த குருட்டு நிலைமைக்கே அவன் திரும்பிவிடுவான்.

இதற்கு விடை இலண்டனில் பிறந்தது. 1949 நவம்பரில் புனித தாமசு மருத்துவமனையில் ஹரோல்டு ரிட்லி என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணில் பாய்ந்த விமானிகளை அவர் கண்டிருந்தார்; அச்சில்லுகள் கண்ணில் அழற்சியை உண்டாக்கவில்லை என்ற கவனிப்பிலிருந்து எழுந்த எண்ணம் இது. அவர் அதை மறைவாகச் செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். 1951இல் வெளிப்படுத்தியபோது ஆங்கிலக் கண்மருத்துவ உலகின் பெரும்புள்ளியான டியூக்-எல்டர் அவருடைய நோயாளிகளைப் பார்க்கவே மறுத்தார் என்பர். தொடக்ககால வில்லைகளில் குறைகளும் இருந்தன, அதை மறைப்பதற்கில்லை. எனினும் அம்முறை பரவலான ஏற்பைப் பெற முப்பது ஆண்டுகள் போல ஆயிற்று. ரிட்லிக்குச் 'சர்' பட்டம் வந்தது 2000இல். அடுத்த ஆண்டே அவர் காலமானார். ஒரு துறையில் மூத்தோர் சொல்லே சட்டமாக இருக்கும்போது அறிவு எத்தனை காலம் வாயிலில் காத்து நிற்க நேர்கிறது என்பதற்கு இது சான்று.

*

இப்போது மதுரை. நம் கட்டுரையின் நடுப்பகுதி இதுவே.

கோ.வெங்கடசாமி 1918இல் எட்டயபுரத்திற்கு அருகிலுள்ள அயன் வடமலாபுரத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இராணுவ மருத்துவப் பணியில் இருந்தவர், முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போய் 1948இல் பணியிலிருந்து விலக நேர்ந்தது. மகப்பேறு மருத்துவராக விரும்பியவர் கண்மருத்துவத்திற்கு மாறி, அந்தக் கோணிய விரல்களுக்கேற்பத் தாமே கருவிகளை அமைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண்மருத்துவத் துறைத் தலைவர். அரசுப் பணியில் இருந்துகொண்டே அவர் சிற்றூர்களில் கண்மருத்துவ முகாம்கள் நடத்தினார். ஆகவே அரசு மருத்துவமனையில் புதுமைக்கு இடமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவருக்கு அங்கே இடம் இருந்தது. ஆனால் அது ஐம்பத்தெட்டு வயதில் முடியும் இடம். பணிநிறைவு நாள் வந்தால் துறை வேறொருவர் கைக்குப் போகும். முகாம்கள் தொடருமா என்பது வருகிறவரின் மனநிலையைப் பொறுத்தது. சரபோஜியின் தன்வந்திரி மகாலுக்கு நேர்ந்ததன் சிறிய வடிவம்தான் இது.

1976இல் ஓய்வு பெற்ற அவர், உடன்பிறந்தோரையும் அவர்களுடைய துணைவர்களையும் கூட்டி கோவெல் அறக்கட்டளை என்ற ஒன்றை நிறுவி, மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். அரவிந்தரிடம் கொண்ட ஈடுபாட்டால் அதற்கு அரவிந்த் என்று பெயரிட்டார். பணத்திற்காக வீடு அடமானம் போயிற்று. நகைகளும் அடகுக்குப் போயின. அவ்வாண்டுதான் இந்திய அரசும் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். ஒரே ஆண்டில், ஒரே நோயைக் குறிவைத்து, தில்லியில் ஒரு திட்டமும் மதுரையில் ஒரு வீடும்.

அந்த அறக்கட்டளை தனக்கு விதித்துக்கொண்ட விதிகளே பிற்பாடு வந்த புதுமைகளுக்கெல்லாம் வித்து என்பது எம் கருத்து. நோயாளி கட்டணம் தருவதா இல்லையா என்பதை நோயாளியே முடிவு செய்வார். இருவருக்கும் அறுவை செய்யும் மருத்துவர் ஒருவரே. வேறுபாடு அறையிலும் படுக்கையிலும் மட்டும். அன்றாடச் செலவுக்கு நன்கொடையை எதிர்பார்ப்பதில்லை. கட்டணம் தருவோரின் பணமே தராதோரையும் தாங்க வேண்டும். இவற்றைக் கூர்ந்து நோக்குங்கள். நன்கொடை இல்லை என்றால் செலவைக் குறைத்தே ஆக வேண்டும். செலவைக் குறைப்பதற்காகத் தரத்தைக் குறைத்தாலோ கட்டணம் தருகிறவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார். இலவசமாக வருவோர் பெருகப் பெருக மருத்துவரின் நேரம் போதாது. இந்த நெருக்கடி ஒருவருடைய மேதைமையால் வந்ததன்று, நிர்வாக விதியால் தாங்களே வரவழைத்துக்கொண்டது. அதிலிருந்து வெளியேற வழி தேடியபோது பிறந்தவைதான் அரவிந்தின் புதுமைகள்.

அறுவை அரங்கில் மருத்துவர் ஒருவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கையில் அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். முதலாவது முடிந்ததும் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு இரண்டாவதைத் தொடங்கிவிடலாம். கண்ணளவு பார்ப்பது, அழுத்தம் பார்ப்பது, நோயாளியை ஆயத்தப்படுத்துவது ஆகியவற்றைச் சிற்றூர்களிலிருந்து தேர்ந்தெடுத்து ஈராண்டுகள் பயிற்சி தரப்பட்ட இளம்பெண்கள் செய்கிறார்கள். மருத்துவர் செய்வது மருத்துவரால் மட்டுமே இயல்வதை. இம்முறையில் ஒருவர் ஆண்டுக்கு இரண்டாயிரம் அறுவைகள் வரை செய்ய முடிந்தது. அமெரிக்க உணவுக்கடைத் தொடர் ஒன்றின் ஒழுங்கு தமக்கு முன்மாதிரி என்று வெங்கடசாமி சொல்லி வந்தார். அரவிந்தரின் அடியவர் ஒருவர் வறுத்த உருளைக்கிழங்கு விற்பவர்களிடம் பாடம் கேட்டது நமக்குச் சற்றே புன்னகையை வரவழைக்கிறது. இராணுவத்திலும் அரசு மருத்துவமனையிலும் அவர் காணாத ஏதோ ஒன்றை அங்கே கண்டிருக்க வேண்டும்.

பெரிய சோதனை எண்பதுகளின் இறுதியில் வந்தது. ரிட்லியின் கண்ணுள் வில்லை மேலைநாடுகளில் அதற்குள் வழக்கமாகிவிட்டது. இங்கோ வில்லை ஒன்றின் இறக்குமதி விலை நூறு டாலர் போல இருந்தது. கட்டணம் தருவோருக்கு வில்லை, இலவச நோயாளிக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி என்ற பிரிவு உண்டாயிற்று. ஏழை நாடுகளுக்கு இந்த வில்லை ஏற்றதன்று, பார்வையற்றோர் எண்ணிக்கையைக் குறைக்கப் பழைய முறையே போதும் என்று உலக அளவில் வல்லுநர் பலர் அறிவுரை கூறினர். அவர்கள் கணக்கில் தவறில்லை. வில்லை நூறு டாலராகவே இருக்கும் என்ற அடிப்படையில் போட்ட கணக்கு அது.

அரவிந்தின் அறங்காவலர்கள் அந்த அடிப்படையை மறுத்தார்கள். வில்லையை நாமே செய்தால் என்ன? ஒரு மருத்துவமனை தொழிற்சாலை வைப்பதா என்று கேட்கும் தணிக்கை அதிகாரி அங்கே இல்லை. இலாபப் பங்கு எங்கே என்று கேட்கும் பங்குதாரரும் இல்லை. சேவா நிறுவனமும் அதன் டேவிட் கிரீனும் துணை நிற்க, வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தைப் பெற்று, 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கிற்று. வில்லையின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் அதற்கும் கீழே போயிற்று. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அவ்வில்லைகள் போகின்றன. தையலில்லாத சிறுகீறல் அறுவைமுறையும் கைகூடியபோது, விலைமிக்க இயந்திரங்கள் இல்லாமலே ஏழை நோயாளிக்கும் வில்லை பொருத்துவது நடைமுறையாயிற்று.

அதே 1992இல் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள்: லயன்ஸ் அமைப்பின் துணையோடு ஒரு பயிற்சி நிறுவனம். அரவிந்த் எப்படி நடக்கிறது என்பதைப் பிற கண் மருத்துவமனைகளுக்குக் கற்பிப்பதே அதன் வேலை. தன் தொழில்மறையைப் போட்டியாளருக்குத் தானே கற்றுத்தரும் நிறுவனத்தை வணிக உலகில் காண்பது அரிது. அறக்கட்டளை வடிவம் அதை இயல்பாக்கிற்று.

அரசையும் இங்கே விட்டுவிட முடியாது. 1994 முதல் 2002 வரை உலகவங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டம், மாவட்டந்தோறும் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கங்களின் வழியாகத் தொண்டு நிறுவனங்களுக்கும் அறுவை ஒன்றுக்கு இவ்வளவு என்று தொகை கொடுத்தது. வில்லை பொருத்தும் முறைக்கு நாட்டை மாற்றியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. பணத்தை எப்படிப் பகிர்வது என்ற நிர்வாக முடிவு ஒன்றுதான் இங்கும் மருத்துவத்தை மாற்றிற்று.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரு குடும்பம் நடத்தும் அறக்கட்டளையில் குடும்பத்தின் கருத்துக்கு மாறான குரல் எங்கே ஒலிக்கும்? அந்தப் பொதுமருத்துவமனையின் மீது பொதுமக்களுக்கு வாக்குரிமை ஏதுமில்லை. இரண்டு மேசைகளுக்கிடையே ஓய்வின்றி நிற்கும் அந்தச் சிற்றூர்ப் பெண்களின் உழைப்பே செலவுக் குறைப்பின் அடித்தளம். புதுமையின் புகழ் பேசும் மேலாண்மை ஏடுகள் அவர்களுடைய ஊதியத்தைப் பற்றி அதே அளவு பேசியதாகத் தெரியவில்லை. அவர்களுக்குக் கிடைத்த தொழிலும் தற்சார்பும் பெரிது என்பாரும் உண்டு. இரண்டும் ஒருங்கே மெய்யாக இருக்கலாம்.

*

அப்படியானால் புதுமை வேண்டுமெனில் அரசை விட்டு வெளியேற வேண்டுமோ என்று வாசகர் கேட்கக்கூடும். இல்லை என்பதற்கு நாம் கண்ணை விட்டு இதயத்திற்குப் போக வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையையும் தாண்ட வேண்டும்.

திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த கட்டிடத்தில் கேரள அரசு எழுபதுகளில் தொடங்கியது ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ மையம். 1980இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. அச்சட்டத்திற்குப் பின் அதை அடக்கிக்கொண்டது சுகாதார அமைச்சகம் அன்று, அறிவியல் தொழில்நுட்பத் துறை. கேட்பதற்கு இது எழுத்தர் வேலைபோலத் தோன்றும். ஆனால் சுகாதார அமைச்சகம் ஒரு மருத்துவமனையைப் பார்த்து, இவ்வாண்டு எத்தனை நோயாளிகள் என்று கேட்கும். அறிவியல் துறையோ என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கும். கேள்வி மாறினால் நிறுவனத்தின் அன்றாடமே மாறும். மருத்துவமனையும் பொறியியல் ஆய்வகமும் ஒரே இயக்குநரின்கீழ் அமைந்தன. ஆய்வகத்திற்கு சாட்டல்மோண்ட் அரண்மனை.

அந்த இயக்குநர் எம்.எஸ்.வலியத்தான், இதய அறுவை மருத்துவர். வெளிநாட்டு இதய வால்வுகளின் விலை நம் நோயாளிகளுக்கு எட்டாததால் இங்கேயே வால்வு செய்ய முனைந்தார். முதல் மாதிரி தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவதும் தோற்றது. உலோகக் கூடு முறிவதும் தேய்வதும், நீலக்கல் தகடு உடைவதுமாக ஆண்டுகள் கழிந்தன. மீமிகு மூலக்கூற்று எடையுள்ள பாலித்தீன் தகடு கொண்ட நான்காவது மாதிரியே நின்றது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பிறகு சென்னையின் டி.டி.கே. குழுமம் அதைச் செய்து விற்றது. அரசுப் பணத்தில் மூன்று முறை தோற்க ஒருவரை விட்டுவைத்த ஆளுகைக் குழு நம் நாட்டில் இருந்தது என்பதை, வால்வைப் போலவே நாம் கொண்டாட வேண்டும்.

*

நம் கழிமுகத்திற்குத் திரும்புவோம். புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் தன் வேரை 1823ஆம் ஆண்டின் பிரெஞ்சு மருத்துவப் பள்ளி வரை காட்டும். பிரெஞ்சு ஆட்சி நீங்கியபின் 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்றாகி (தஞ்சையில் ஓய்ந்த பெயர் கடலோரத்தில் எட்டாண்டுகள் உயிர்பெற்றது என்று சொல்லத் தோன்றுகிறது), 1964இல் ஜிப்மர் ஆயிற்று. அதன்பின் நெடுங்காலம் தில்லியிலுள்ள சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககத்தின் நேரடி ஆட்சி. 2008இல் நாடாளுமன்றச் சட்டம் அதற்குத் தன்னாட்சி வழங்கியது. பட்டம் வழங்கும் உரிமையும் தனக்கென ஆளுகைக் குழுவும் வந்தன.

அந்தச் சட்டம் வரும் வேளையில் புதுச்சேரியில் எதிர்ப்பு எழுந்ததை நாம் நினைவுகொள்ள வேண்டும். தன்னாட்சி என்றால் கட்டணம் வரும், ஏழைகளுக்கான இலவச மருத்துவம் போகும் என்று ஊழியர்களும் பொதுமக்களும் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளுவது எளிது, நியாயமன்று. தில்லியின் கோப்பு எவ்வளவு மெல்ல நகர்ந்தாலும் அது யாரும் கட்டணம் கேட்காத கோப்பு. திருவேட்டக்குடியிலிருந்து பேருந்தேறிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே நான்கு மணி நேரம் போகிற முதியவருக்குப் புதிய கருவியைவிட, பணம் கேட்காத கதவு பெரிது. அரவிந்தின் அறங்காவலர்கள் 1976இல் செய்தது இந்த இரண்டையும் ஒரே விதிக்குள் கட்டியது: இலவசம் என்பதை மாற்றவியலாததாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் மாற்றத் தங்களுக்கு உரிமை எடுத்துக்கொண்டார்கள். 2008இல் புதுச்சேரித் தெருக்களில் எழுந்த கேள்வி, தன்னாட்சி பெறும் நிறுவனம் எதை மாற்றவியலாததாக வைத்துக்கொள்ளும் என்பதே.

2003இல் அரவிந்தின் கிளை புதுச்சேரியில் திறக்கப்பட்டது. 2016இல் ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி 50 மாணவர்களோடு காரைக்காலில் தொடங்கியது. திருவேட்டக்குடியைப் பொறுத்தவரை இரண்டும் கிளைகள்தாம்; ஒன்றின் தலைமை மதுரையில், மற்றொன்றின் தலைமை புதுச்சேரியில். கிளை என்பது எவ்வளவு தூரம் தானே முடிவெடுக்கலாம் என்பது ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு மாதிரி. அரவிந்த் 2004 அளவில் தேனிப் பகுதியில் தொடங்கிய பார்வை மையங்களை இதற்கு எடுத்துக்காட்டலாம். சிற்றூரில் ஒரு சிறிய அறை, பயிற்சி பெற்ற ஒரு பெண், ஒரு கருவி. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வடிவமைத்த நெடுந்தூரக் கம்பியில்லா இணைப்பின் வழியே மருத்துவமனையிலிருக்கும் மருத்துவர் நோயாளியிடம் பேசுவார். தேனியில் சோதிக்கப்பட்டது பிறகு பிற கிளைகளுக்கும் போயிற்று. அங்கே கிளையில் தொடங்கிய ஒன்றைத் தலைமை ஏற்றுக்கொண்டது.

வெங்கடசாமி 2006 ஜூலையில் மறைந்தார். தன்வந்திரி மகாலுக்கு 1855இல் நேர்ந்தது அரவிந்துக்கு நேரவில்லை. தலைமை அவருடைய தங்கையின் கணவர் பெ.நம்பெருமாள்சாமிக்குப் போயிற்று. அவருக்கு அடுத்து வந்தவர், புதுச்சேரிக் கிளையை அதற்கு முன் நடத்திய ஆர்.டி.ரவீந்திரன்.